விசைப்படகு வி.எச்.எஃப். ரேடியோ: ஆன்டெனா, கேபிள், கனெக்டர் பழுதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

"செட்டுல லைட் எரியுது, சத்தம் வருது, ஆனா நாம பேசுறது பக்கத்துப் படகுக்குக்கூடப் போகலை." மீன்பிடிப் படகுகளில் வி.எச்.எஃப். ரேடியோ பற்றிய புகார் பெரும்பாலும் இப்படித்தான் வரும். உடனே செட்டைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடையில் வைத்துப் பார்த்தால் செட்டு நன்றாக வேலை செய்யும். கோளாறு செட்டுக்கு வெளியே, கொடிமரத்து உச்சிக்கும் வீல்ஹவுசுக்கும் இடையில் எங்கேயோ உப்புக்காற்றில் ஊறிக்கொண்டிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க, அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை விகிதமாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைச் செட்டின் பின்னால் மாட்டிப் பார்ப்பது வழக்கம். எண் 1-ஐ நெருங்க நெருங்கத் திரும்பும் அலை குறைவு. மீட்டர் 1.5 காட்டினால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பல நேரம் தவறு. தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கேபிள்தான் மிக அழகான எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும். ஏன் என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம். அதனால் மொத்த இணைப்பையும் ஒரே அளவில் எடைபோடாமல், செட்டிலிருந்து ஆன்டெனா நோக்கி ஒவ்வொரு துண்டாகத் தனித்தனியே சோதிப்பதே இங்கே சொல்லப்போகும் முறை.

முதலில்: இது பழுதுதானா?

கடல் வி.எச்.எஃப். 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. இந்த அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில்தான் போகும். அடிவானத்தைத் தாண்டி அதிகம் வளையாது. எவ்வளவு தூரம் என்று கணக்கிட எளிய வழி உண்டு. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டு படகிலும் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் என்றால் 4.12 × (2 + 2) = 16.5 கிலோமீட்டர், அதாவது சுமார் 9 கடல் மைல். கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் 33 கிலோமீட்டர், சுமார் 18 கடல் மைல்.

25 வாட் செட்டு இருந்தும் 30 மைலுக்கு அப்பால் இருக்கும் படகு கேட்கவில்லை என்றால் அது பழுது அல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலில் இருந்த குமரி மாவட்டப் படகுகளுக்கு எச்சரிக்கை எட்டாததற்கு இந்தத் தூர வரம்பும் ஒரு காரணம். 8 மைலுக்குள் இருக்கும் படகு கேட்கவில்லை என்றாலோ, முன்பு தெளிவாகக் கேட்ட இடத்திலிருந்து இப்போது கரகரக்கிறது என்றாலோ, அதுதான் சோதிக்க வேண்டிய பழுது.

கையில் வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர். 150 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு ஏற்ற எஸ்.டபிள்யூ.ஆர்./பவர் மீட்டர், 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவுக்கான மலிவான மீட்டர் இங்கே பொய் அளவு காட்டும். குறைந்தது 25 வாட் தாங்கும் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, பவரை அலையாக வெளியே விடாமல் வெப்பமாக்கும் சுமை). இரு முனையிலும் பி.எல்-259 (செட்டின் சாக்கெட்டில் மாட்டும் கனெக்டர்) வைத்த, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மீட்டர் நீளச் சிறு கேபிள். முடிந்தால் ஒரு நானோ வி.என்.ஏ. (கேபிளும் ஆன்டெனாவும் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அலையை எவ்வளவு திருப்புகின்றன என்று திரையில் காட்டும் சிறு கருவி). இந்தக் கருவி அண்மைக் காலத்தில் விலை இறங்கி எளிதாகக் கிடைக்கிறது. பல படகுகளைப் பார்ப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டம்மி லோடு இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். செட்டைத் தனியே, கேபிளைத் தனியே பிரித்துப் பார்க்க உதவுவது அதுதான்.

இடி மின்னல் நேரத்தில் கொடிமரத்தில் கை வைக்கக் கூடாது. பேசும் பொத்தானை ஒருவர் அழுத்தும்போது ஆன்டெனாவை இன்னொருவர் தொடவே கூடாது. மேலே ஏறியவர் இறங்கிய பிறகே அழுத்த வேண்டும்.

படி 1: மின்சாரம்

25 வாட் அனுப்பும்போது செட்டு 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைக்காமல், செட்டுக்குள் போகும் வயர் முனையில் வையுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு அளவு, டம்மி லோடு மாட்டிப் பொத்தானை அழுத்தும்போது ஒரு அளவு. 12.6 வோல்ட் இருந்தது 12.2-க்கு இறங்கினால் பரவாயில்லை. 11-க்குக் கீழே சரிந்தால் ஃபியூஸ் ஹோல்டர், பேட்டரி முனை, மெல்லிய வயர் இவற்றில் ஒன்றில் களிம்பு ஏறியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் ஆன்டெனாவை நோண்டிப் பயனில்லை.

படி 2: செட்டும் டம்மி லோடும்

செட்டு, சிறு கேபிள், மீட்டர், டம்மி லோடு என்ற வரிசையில் மாட்டுங்கள். சோதனைக்குச் சேனல் 16-ஐத் தொடாதீர்கள்; அது 156.8 மெகாஹெர்ட்சில் ஆபத்து அழைப்புக்கான சேனல். சேனல் 70-ஐயும் விடுங்கள். அது டிஜிட்டல் அழைப்புக்கு மட்டுமே. காலியாக இருக்கும் வேலைச் சேனல் ஒன்றில், முதலில் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, மூன்று நான்கு விநாடி மட்டும் அழுத்துங்கள்.

முழு பவரில் 20 முதல் 25 வாட், எஸ்.டபிள்யூ.ஆர். 1.2-க்குள் இருந்தால் செட்டும் மின்சாரமும் சரி. இங்கேயே 8 அல்லது 10 வாட்தான் வந்தால், செட்டு 1 வாட் குறைபவரில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, செட்டைக் கடைக்கு அனுப்பலாம்.

படி 3: கண்ணும் கையும்

கருவியைக் கேபிளில் மாட்டும் முன் முழு நீளத்தையும் கையால் தடவிக்கொண்டே போங்கள். கேபிள் டை இறுக்கி நசுக்கிய இடம், கதவிடுக்கில் மாட்டிய இடம், சைலன்சர் பக்கத்தில் உருகிய இடம், எலி கடித்த இடம், கூர்மையாக மடித்த இடம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தின் ஐந்து மடங்குக்குக் குறையக் கூடாது.

யாராவது வீட்டு வயரை முறுக்குவதுபோல் இரண்டு துண்டைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தால் அதுவே பழுதாக இருக்கலாம். கோஆக்சியல் கேபிளை (நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன்மேல் பின்னல் கம்பி உள்ள கேபிள்) அப்படி ஒட்டக் கூடாது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இரு முனையிலும் பி.எல்-259 வைத்து நடுவில் பி.எல்-258 பேரல் போட வேண்டும்.

கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆர்.ஜி-6 அல்லது ஆர்.ஜி-59 என்றிருந்தால் அது 75 ஓம் டிவி கேபிள். நல்ல ஆன்டெனா போட்டாலும் அது கேபிள் நீளத்தைப் பொறுத்து எஸ்.டபிள்யூ.ஆரை 2.25 வரை இழுத்துவிடும். கழற்றிப் போட்டுவிடலாம்.

படி 4: மல்டிமீட்டர்

இரு முனையையும் கழற்றுங்கள். செட்டிலிருந்தும் கழற்ற வேண்டும், ஆன்டெனாவிலிருந்தும் கழற்ற வேண்டும். மேல் முனையைக் கழற்றாமல் பார்த்துவிட்டு "கேபிள் ஷார்ட்" என்று புதுக் கேபிள் வாங்கியவர்கள் உண்டு. பல கடல் ஆன்டெனாக்களின் அடியில் இருக்கும் காயில், நேர்மின்சாரத்துக்கு ஷார்ட் ஆகத் தெரியும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. அது பழுது அல்ல.

1. நடுப்பின்னுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே பெரிய ஓம் ரேஞ்சில் பாருங்கள். எண்ணே வரக் கூடாது. சுழியத்தை ஒட்டி வந்தால் கனெக்டருக்குள் பின்னல் கம்பியின் ஓரிழை நடுக்கம்பியைத் தொடுகிறது. சில பத்தாயிரம் அல்லது சில லட்சம் ஓம் வந்தால் ஈரம்.

2. கீழ் முனையில் நடுப்பின்னையும் கூட்டையும் ஒரு முதலை கிளிப்பால் இணைத்துவிட்டு மேல் முனையில் அளந்து பாருங்கள். மீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவை இதிலிருந்து கழியுங்கள். 15 மீட்டர் ஆர்.ஜி-58-க்கு 1 ஓமுக்குள் வர வேண்டும், ஆர்.ஜி-213-க்கு அதைவிட மிகக் குறைவு. 3 ஓம், 5 ஓம் என்று வந்தாலோ, கேபிளை ஆட்டும்போது எண் குதித்தாலோ, கனெக்டர் சால்டர் விட்டிருக்கிறது.

மல்டிமீட்டரில் "50 ஓம்" தேடாதீர்கள். அந்த 50 ஓம் ரேடியோ அலைக்கான தன்மை. நேர்மின்சாரத்தில் அது தெரியாது. மல்டிமீட்டர் உடைப்பையும் ஷார்ட்டையும் மட்டுமே பிடிக்கும். அலையை விழுங்கும் கேபிளை அதனால் பிடிக்க முடியாது. அதற்கு அடுத்த படி.

படி 5: கேபிள் எவ்வளவு விழுங்குகிறது

நல்ல நிலையிலுள்ள கேபிளும் ஓரளவு இழக்கும். அந்த இழப்பை டெசிபலில் சொல்வார்கள்; 3 டெசிபல் என்றால் பவர் பாதியாகிவிட்டது. 156 மெகாஹெர்ட்ஸ் அருகே 100 மீட்டருக்குத் தோராயமாக ஆர்.ஜி-58 20 டெசிபல், ஆர்.ஜி-8எக்ஸ் 15, ஆர்.ஜி-213 9, எல்.எம்.ஆர்-400 5 டெசிபல் இழக்கும். 15 மீட்டர் கேபிளில் 25 வாட்டை விட்டால் மறுமுனையில் வருவது:

- ஆர்.ஜி-58: 12.5 வாட்
- ஆர்.ஜி-8எக்ஸ்: சுமார் 15 வாட்
- ஆர்.ஜி-213: சுமார் 18 வாட்
- எல்.எம்.ஆர்-400: சுமார் 21 வாட்

கேபிளின் மேல் முனையை ஆன்டெனாவிலிருந்து கழற்றி, அங்கே பவர் மீட்டரும் டம்மி லோடும் மாட்டுங்கள். கீழே செட்டில் ஒருவர் அழுத்த, மேலே எத்தனை வாட் வருகிறது என்று பாருங்கள். இங்கே பவர் டம்மி லோடுக்குள் போய்விடுவதால் மேலே ஒருவர் இருந்து படிக்கலாம். 15 மீட்டர் ஆர்.ஜி-58-இல் 11 அல்லது 12 வாட் வந்தால் கேபிள் நல்லது. 6 வாட் வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

நானோ வி.என்.ஏ. இருந்தால் மேலே மீட்டர் தேவையில்லை. 150 முதல் 165 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து, நீங்கள் பயன்படுத்தப் போகும் சிறு கேபிளின் நுனியில் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் வரிசையாக மாட்டி அளவொப்பு (காலிபிரேஷன்) செய்யுங்கள். படகுக் கேபிளின் நடுப்பின்னையும் கூட்டையும் ஒரு கணம் தொடவைத்து, தேங்கிய நிலைமின்னூட்டத்தை வெளியேற்றிய பிறகே கருவியில் மாட்டுங்கள். மேல் முனை வெறுமையாக இருக்கட்டும். திரையில் காட்டும் ரிட்டர்ன் லாஸ் அலை போய்த் திரும்பும் மொத்த இழப்பு; அதில் பாதிதான் ஒருவழி இழப்பு. 6 டெசிபல் காட்டினால் கேபிள் இழப்பு 3. செட்டைக் கருவியோடு இணைத்துப் பொத்தானை அழுத்திவிட்டால் கருவி அப்போதே கருகும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கணக்கு. மேல் முனையில் ஆன்டெனாவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். போன அலை முழுவதும் திரும்பும். 3 டெசிபல் இழக்கும் நல்ல ஆர்.ஜி-58-இல் போகும்போது 3, வரும்போது 3 என்று 6 டெசிபல் குறைந்து திரும்புவதால் செட்டுப் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். 3 காட்டும். அதே கேபிளில் தண்ணீர் இறங்கி இழப்பு 6 டெசிபல் ஆகிவிட்டால், திரும்பும் அலை 12 டெசிபல் குறைந்துவிடும், மீட்டர் 1.7-க்குள் காட்டும். ஆன்டெனா இல்லாமலே 1.7! போன வருடம் 1.6 காட்டிய படகு இந்த வருடம் ஒன்றும் செய்யாமலே 1.2 காட்டுகிறது என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

உடைப்பு எங்கே என்று தெரியவும் கணக்கு உண்டு. மேல் முனை வெறுமையாக இருக்க, நானோ வி.என்.ஏ.வை 1 முதல் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி மீண்டும் அளவொப்பு செய்து, இம்பிடன்ஸ் (அலைக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) முதன்முதலாக அடிமட்டத்துக்கு இறங்கும் அதிர்வெண்ணைப் பாருங்கள். 75-ஐக் கேபிளின் வேகக் காரணியால் (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அலை கேபிளில் போகிறது என்ற எண்) பெருக்கி அந்த அதிர்வெண்ணால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். திட பாலிஎத்திலீன் உள்ள ஆர்.ஜி-58, ஆர்.ஜி-213 இரண்டுக்கும் வேகக் காரணி 0.66, எல்.எம்.ஆர்-400-க்கு 0.85. 12 மீட்டர் ஆர்.ஜி-58 என்றால் 4.1 மெகாஹெர்ட்ஸில் இறங்க வேண்டும். 6.2-இல் இறங்கினால், கீழிருந்து 8 மீட்டரில் கம்பி அறுந்திருக்கிறது.

படி 6: ஆன்டெனா

கேபிள் தேறிவிட்டால் மட்டும் ஆன்டெனாவுக்கு வாருங்கள். சிறு கேபிளால் ஆன்டெனாவின் அடியிலேயே அளப்பது சிறந்தது. பெரிய கேபிளின் இழப்பு அங்கே கண்ணை மறைக்காது. 156.8 அருகே எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குள் இருந்தால் நன்று. 2 என்றால் 11 சதவீதப் பவர் திரும்புகிறது, வேலை ஓடும். 3 என்றால் 25 சதவீதம் திரும்புகிறது. பல செட்டுகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமே பவரைக் குறைத்துவிடும்.

ஃபைபர்கிளாஸ் கோலில் தலைமயிர் போன்ற விரிசல் இருக்கிறதா, ஆட்டினால் உள்ளே கலகலக்கிறதா, அடித்திருகில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அலைவரிசை முழுவதும் ஓட்டியும் எஸ்.டபிள்யூ.ஆர். எங்குமே பள்ளம்போல் இறங்கவில்லை என்றால் உள்கம்பி அறுந்திருக்கலாம். பள்ளம் விழுகிறது, ஆனால் தள்ளி விழுகிறது என்றால் பக்கத்து இரும்பைப் பாருங்கள். இன்னொரு ஆன்டெனா, இரும்புக் கொடிமரம், ஸ்டே கம்பி எல்லாம் குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

48 சென்டிமீட்டர் கால்-அலைக் கம்பி ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தளமோ நான்கு கிடைக்கம்பிகளோ வேண்டும். மரப் படகிலும் ஃபைபர் படகிலும் அது தானாகக் கிடைக்காது. அங்கே அரை-அலை ஆன்டெனாதான் பொருத்தம். கம்பியின் நீளத்தில் 3 மில்லிமீட்டர் குறைத்தால் பள்ளம் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் மேலே போகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகவே வெட்டுங்கள். ஃபைபர் கோலுக்குள் அடைத்த ஆன்டெனாவை வெட்டிச் சரிசெய்ய முடியாது.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, நல்லது என்று தெரிந்த இன்னொரு ஆன்டெனாவை அதே இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

கனெக்டர்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

படகில் பி.எல்-259 வாங்கும்போது வெள்ளிப்பூச்சும் டெஃப்ளான் இன்சுலேஷனும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பளபளக்கும் மலிவு நிக்கல் கனெக்டரில் சால்டர் ஒட்டாது. ஒட்டும்வரை சூடாக்கினால் நடுவிலுள்ள பிளாஸ்டிக் உருகி, நடுப்பின் சாய்ந்துவிடும். சால்டரே இல்லாமல் திருகி மாட்டும் வகை வீட்டுக்குள் ஓடலாம். கடலில் ஒரு பருவம்கூடத் தாங்காது.

ஆர்.ஜி-213-க்குச் செய்யும் வரிசை:

1. வெளி வளையத்தை முதலில் கேபிளுக்குள் ஏற்றுங்கள். திருகுப் பக்கம் நுனியை நோக்கி இருக்கட்டும். இதை மறந்துவிட்டுச் சால்டர் முடித்தால் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.
2. மேலுறையை 28 மில்லிமீட்டர் உரியுங்கள். பின்னல் இழைகளில் கத்தி படக் கூடாது.
3. நுனியிலிருந்து 16 மில்லிமீட்டருக்குப் பின்னலையும் உள் இன்சுலேஷனையும் நீக்கி நடுக்கம்பியை வெளியே எடுங்கள். இன்சுலேஷன் விளிம்பைவிடப் பின்னல் 1.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கட்டும். ஷார்ட் விழுவது பெரும்பாலும் இந்த விளிம்பில்தான்.
4. பின்னல்மீது மெல்லிதாகச் சால்டர் பூசுங்கள். தடித்துப்போனால் கனெக்டர் ஏறாது.
5. கனெக்டர் உடலை மேலுறைமேல் திருகி ஏற்றுங்கள். பக்கத் துளைகளில் பின்னல் தெரிய வேண்டும்.
6. 80 முதல் 100 வாட் அயர்னால் துளைகளில் சால்டர் விடுங்கள். சிறிய 25 வாட் அயர்னால் உடல் சூடாகவே ஆகாது. சூடாகும் நேரத்துக்குள் கேபிள் உருகிவிடும்.
7. நடுப்பின்னின் நுனியில் சால்டரை ஊட்டி உள்ளே இறங்கவிடுங்கள். நடுப்பின்னுக்கு வெளியே வழிந்ததை அரத்தால் தேய்த்துவிடுங்கள். தடித்துப்போன நடுப்பின், செட்டின் சாக்கெட்டை விரித்துத் தளர்த்திவிடும்.
8. ஆறிய பிறகு மல்டிமீட்டரால் ஷார்ட், தொடர்ச்சி இரண்டையும் பாருங்கள்.

ஆர்.ஜி-58-க்கு யு.ஜி-175, ஆர்.ஜி-8எக்ஸ்-க்கு யு.ஜி-176 என்ற குறுக்கி உள்ளே வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். துளை மட்டும் வேறு.

பழைய கனெக்டரில் சால்டர் பளபளக்காமல் மங்கி, குமிழ் போல் உட்கார்ந்திருந்தால் அது ஒட்டாத சால்டர். வெளியே இழுத்தால் கம்பி நழுவும். மறுபடி சூடாக்கி ஓட்டுவதைவிட 5 சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாக வைப்பதே நல்லது.

தண்ணீர்

வெட்டும்போது பின்னலைப் பாருங்கள். செம்பு செந்நிறமாக மின்னினால் சரி. கறுத்திருந்தாலோ பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. பின்னல் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் தண்ணீரை மீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். அரை மீட்டர், இன்னும் அரை மீட்டர் என்று வெட்டிப் பாருங்கள். ஒரு மீட்டருக்குப் பிறகும் கறுப்பு என்றால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். வெயிலில் காயவைத்தால் தண்ணீர் போகும். ஏறிய களிம்பு போகாது.

மூடுவதற்கு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் ரப்பர் டேப் வேண்டும். பாதி அகலம் ஆகும்வரை இழுத்து, கீழிருந்து மேலாகப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றுங்கள். அப்போதுதான் மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் கூரை ஓடுபோல் அமர்ந்து தண்ணீரைத் தள்ளிவிடும். அதன்மேல் வெயிலுக்காகக் கறுப்பு வினைல் டேப் ஒரு சுற்று. வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் வீல்ஹவுசுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு தொங்கு வளைவு விடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பேசுவது போகிறது, கேட்பது மட்டும் மோசம்

இது ஆன்டெனாப் பழுதாக இல்லாமல் படகிலேயே பிறக்கும் இரைச்சலாக இருக்கலாம். ஸ்குவெல்ச்சை (பேச்சு வராதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்து வைத்து, எல்.இ.டி. விளக்குகள், சார்ஜர், எக்கோ சவுண்டர் என ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் தூரத்துப் படகின் பேச்சு தெளிகிறதோ அதுதான் காரணம். மலிவான எல்.இ.டி. விளக்கின் உள்ளிருக்கும் கன்வர்ட்டரே பெரும்பாலும் குற்றவாளி. அந்த விளக்கையும் அதன் வயரையும் ஆன்டெனாக் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது விளக்கை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும்

மூடிய இணைப்புகள்மேல் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் பீய்ச்சிவிட்டு மறுபடி எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். அளவு மாறக் கூடாது. கேபிளை ஆட்டியும் பாருங்கள். முள் அசையக் கூடாது. செட்டருகே எஸ்.டபிள்யூ.ஆர்., மேல் முனையில் வந்த வாட், தேதி மூன்றையும் வீல்ஹவுஸ் சுவரில் எழுதிவிடுங்கள்.

பிறகு 5 மைலுக்கு அப்பால் இருக்கும் தெரிந்த படகை வேலைச் சேனலில் கூப்பிட்டு, முதலில் 1 வாட்டிலும் அடுத்து 25 வாட்டிலும் பேசிப் பாருங்கள். 1 வாட்டிலேயே தெளிவாகக் கேட்கிறது என்று பதில் வந்தால் ஆன்டெனாவும் கேபிளும் சரியாக இருக்கின்றன. 25 வாட்டில் மட்டும், அதுவும் கரகரவென்று கேட்டால், படி 5-க்குத் திரும்புங்கள்.